சிகரெட் துண்டு செடியை என்ன செய்கிறது? வெந்தயத்தை வைத்து ஒரு சோதனை

சிகரெட் ஃபில்டரைப் பஞ்சு என்று நினைப்பவர்கள் நிறைய. அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. மண்ணில் மக்க வருடக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில் இதைப் புல்லிலும் குளோவர் என்ற தீவனச் செடியிலும் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். துண்டு கிடந்த மண்ணில் குளோவர் முளைப்பது 27 சதவீதமும் புல் முளைப்பது 10 சதவீதமும் குறைந்தன. குளோவரின் வேர் எடை 57 சதவீதம் குறைந்தது.

இதையே சின்ன அளவில் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம். குளோவருக்குப் பதில் வெந்தயம். இரண்டும் நெருங்கிய சொந்தம்.

1. டீக்கடை பேப்பர் கப் 9 எடுத்து, அடியில் ஓட்டை போடுங்கள். ஒரே இடத்து மண்ணை நன்றாகக் கலந்து எல்லாவற்றிலும் ஒரே அளவு நிரப்புங்கள்.

2. கப்புக்கு 10 விதை. ஊறவைக்காமல் விதைத்து லேசாக மண் தூவினால் போதும்.

3. இதுதான் முக்கியமான இடம். மூன்று கப்பில் புகைத்த துண்டுகள், மூன்றில் புதுச் சிகரெட்டிலிருந்து வெட்டிய ஃபில்டர், கப்புக்கு இரண்டு வீதம் மேல்மண்ணில் பாதி புதையும்படி வையுங்கள். பீடி உதவாது, அதில் ஃபில்டரே கிடையாது. மீதி மூன்று கப்பைச் சும்மா விடக் கூடாது. ஃபில்டர் அளவுக்கே நறுக்கிய, சாயம் பூசாத மரக்குச்சிகளை அவற்றில் வையுங்கள். இல்லையென்றால், முளை வராததற்குக் காரணம் ஃபில்டரா, அது இடத்தை அடைத்துக்கொண்டதா என்று தெரியாமல் போகும். அந்த ஆய்விலும் மரத்துண்டு வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். வேப்பங்குச்சி மட்டும் வேண்டாம், அதற்கென்று தனிக் குணம் உண்டு. துண்டுகளைத் தொடும்போது கையுறை அவசியம். நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

4. கப்பில் பெயர் எழுதி, ஒரே மாதிரி வெயில் படும் இடத்தில் வைத்து, தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். புகைத்த துண்டிலிருந்து வடியும் தண்ணீர் பக்கத்துக் கப்புக்குப் போனால் சோதனையே கெட்டது.

5. தினமும் முளைகளை எண்ணிக் குறித்துவையுங்கள். மூன்று வாரம் கழித்துத் தண்டை ஸ்கேலில் அளந்துவிட்டு, கப்பைக் கிழித்து மண்கட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். பிடித்து இழுத்தால் வேர் அறுந்துவிடும். மண் தானாகக் கரையட்டும். அப்புறம் வேர்களை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். மேலே ஒரே மாதிரி தெரிகிற செடிகளுக்கும் கீழே வேர் வித்தியாசமாக இருக்கலாம்.

புதுஃபில்டர் கப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். அந்த ஆய்வில் புகைக்காத ஃபில்டரும் வளர்ச்சியைக் குறைத்தது. அப்படியென்றால், புகையிலை நஞ்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஃபில்டர் இழைக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் கப்பில் அப்படி வராமலும் போகலாம். 9 கப் ரொம்பக் குறைவு, சந்தேகம் இருந்தால் இன்னொரு தடவை விதையுங்கள்.

முடிந்ததும் மண், துண்டு, செடி எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். வெந்தயக்கீரை தளதளவென்று வந்திருந்தாலும் குழம்புக்குக் கிள்ளாதீர்கள்.