நெல்லைச் சீமையில் குடியேற வருபவர்கள் ரயில் சத்தத்தையும் விசாரிக்க வேண்டும்

வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ குடியேற வரும் குடும்பங்கள், வீடு பார்க்கும்போது தண்ணீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பட்டா, வில்லங்கம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்பதை மட்டும் பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு வந்து, புரோக்கரோடு அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெருநகரத்தில் வாகன இரைச்சலோடு கலந்து அமுங்கிப்போகும் ரயில் சத்தம், கடைத்தெரு ஒன்பதரை மணிக்கெல்லாம் அடங்கிவிடும் சிற்றூரில் தனித்துக் கேட்கும். ஊர் எவ்வளவு அமைதியோ அவ்வளவுக்கு அந்தச் சத்தம் எடுத்துக் காட்டும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

வந்த நாட்டின் பழக்கத்தை வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துகொடுக்கும் ஊர்கள் தங்கள் ரயில்வே கேட்டுகளில் வழக்கமான ஹாரனை நிறுத்திவைக்க வழியுண்டு. பிரிட்டனில் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை, ஆபத்து இருந்தாலொழிய, ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை கண்ட இடத்திலெல்லாம் அதை அடிப்பதில்லை. சிங்கப்பூரில் உயரத்தில் ஓடும் ரயில் பாதைகளின் ஓரத்தில் சத்தத் தடுப்புகளையே கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் மாடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் பள்ளிப் பிள்ளைகளும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறார்கள். அவர்கள் உயிரைக் காப்பது அந்த ஹாரன்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு சொல்வது உண்மையே. ஆயினும் புகார் எழுதி ஹாரனை நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையில் யாரும் வீடு வாங்க வேண்டாம்.

எந்தப் பாதையின் ஓரத்தில் வீடு என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்குவது நல்லது. திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் செல்லும் பாதை பெரிய பாதை. சென்னையிலிருந்து வரும் இரவு வண்டிகள் விடியலுக்கு முன்பும் விடிந்த பின்பும் அடுத்தடுத்துக் கடப்பது இங்கேதான். வடக்கே தாழையூத்து, கங்கைகொண்டான், மணியாச்சி வரை அந்த வண்டிகளோடு சரக்கு வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். பயணிகள் வண்டியின் நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். கூட்ஸ் வண்டிக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. தென்காசிப் பாதையும் திருச்செந்தூர்ப் பாதையும் ஒற்றைத் தடம் என்பதால் வண்டிகள் குறைவு. ஆனால் ஒற்றைத் தடத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு: எதிர்வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி நிலையத்தில் காத்து நிற்கும், வந்த வண்டி ஒரு முறை, நின்ற வண்டி புறப்படும்போது ஒரு முறை என்று இரண்டு ஹாரன் கேட்கும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் போன்ற நிலையங்களின் அருகே வீடு பார்ப்பவர்கள் இதை விசாரிக்க வேண்டும். பாலருவி எக்ஸ்பிரஸ் தென்காசிப் பாதையில் நள்ளிரவை ஒட்டிப் போவது. திருச்செந்தூர்ப் பாதையில் கந்த சஷ்டி போன்ற விழா நாட்களில் சிறப்பு வண்டிகள் கூடும். அது சில நாள் சங்கதிதான்.

வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்பதைவிட, வீட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் எவ்வளவு தொலைவு என்று கேட்பதே பயனுள்ளது. கேட்டுக்கு இருபுறமும், ஏறத்தாழ 600 மீட்டர் முன்பாக, மஞ்சள் பலகையில் கறுப்பு நிறத்தில் ‘டபிள்யூ/எல்’ என்ற ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்கு நிகரான இந்தி எழுத்துகளும் இருப்பதைக் காணலாம். அந்தப் பலகையைக் கண்டதும் லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர், ஹாரன் அடிக்கத் தொடங்கி, கேட்டைக் கடக்கும் வரை அடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கேட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்று நிம்மதி அடைபவர், தம் வீட்டுப் பின்புறம் வேலிக்கு அப்பால் அந்தப் பலகை நிற்கிறதா என்று ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்துவிட வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் நாடு முழுவதும் அகற்றப்பட்டன. பல இடங்களில் கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை அமைத்திருக்கிறார்கள். சுரங்கப்பாதை உள்ள இடத்தில் கேட்டுக்கான ஹாரனுக்கு வேலையில்லை என்பது நன்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே சுரங்கப்பாதையில் தண்ணீர் கட்டி வழி அடைபடுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சீமையில் காற்றைப் பற்றிப் பேசாமல் சத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் புகுந்து, ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கிழக்காக அடித்து வீசுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். தரையை ஒட்டிய காற்றைவிட உயரத்தில் உள்ள காற்று வேகமாக ஓடுவதால், காற்றுப் போகும் திசையில் செல்லும் சத்தம் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் கேட்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் சத்தம் மேல்நோக்கி வளைந்து காதுக்கு எட்டாமல் போய்விடும். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் பாதை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால், ஆடி மாதத்தில் கிழக்குப்புறம் 400 மீட்டரில் இருக்கும் வீட்டில் கேட்கிற அளவு மேற்குப்புறம் 200 மீட்டரில் இருக்கும் வீட்டில் கேட்காமல் போகலாம். சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை பாதை மேற்கு நோக்கி ஓடுகிறது. அங்கே கேட்டுக்கும் நிலையத்துக்கும் கிழக்கே குடியிருப்பவர்களுக்கே சத்தம் அதிகம். வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். மார்கழி, தை மாதங்களில் காற்றே இல்லாத அதிகாலையில், தரை குளிர்ந்து மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, சத்தம் எல்லாத் திசையிலும் கீழே வளைந்து பரவும்; மற்ற நாட்களில் எட்டாத தொலைவுக்கும் அப்போது எட்டும். எனவே பங்குனியில் ஓர் இரவு தங்கிப் பார்த்து, சத்தமே இல்லை என்று முடிவுகட்டுவது போதாது.

தொலைவைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் ஹாரன் சத்தம் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். வண்டி ஓடும் உருளல் சத்தம் நீண்ட கோடாக வருவதால், பாதையை ஒட்டிய பகுதியில் 3 டெசிபல் அளவுக்கே குறையும். நாற்று நடத் தண்ணீர் கட்டிய வயல், சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பும். உழுதுபோட்ட காய்ந்த வயல் ஓரளவு விழுங்கும். அடியில் ஜல்லி இல்லாத இரும்புப் பாலமும், தடம் பிரியும் பாயின்ட் உள்ள இடமும் சத்தத்தைக் கூட்டும். தண்டவாளப் பக்கம் நான்கு வேப்பமரம் நிற்பதைக் காட்டிச் சத்தமே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மரம் நிழல் தரும், கண்ணுக்கு மறைப்புத் தரும்; ஒற்றை வரிசை மரம் சத்தத்தைக் குறைப்பது மிகச் சொற்பம். உயரமான காம்பவுண்டு சுவர் தரைத்தளத்துக்கு உதவும். மாடி ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரிகிறதென்றால் மாடிக்கு அந்தச் சுவரால் பயனில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அடுக்களை, குளியலறை, மாடிப்படி ஆகியவை தண்டவாளப் பக்கமும் படுக்கும் அறை மறுபக்கமும் அமைந்த வீடு பாதித் தொல்லையைத் தானே தீர்த்துவிடும். பிறகு ஜன்னலை மூடி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய வீடுகளில் மரச்சட்டம் வெயிலில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும்; ஜன்னலுக்கு மேலே, வெக்கை வெளியேறுவதற்கென்று மூடியே இல்லாத வென்டிலேட்டர் இருக்கும். சத்தம் நுழைவது அந்த வழியாகத்தான். கதவுபோல் திறந்து மூடும் ரப்பர் பட்டை வைத்த ஜன்னல், தள்ளு ஜன்னலைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் சித்திரை, வைகாசி வெக்கையில் ஏசி இல்லாமல் படுக்க முடியாது என்பதால், மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மொட்டை மாடியில் படுக்கும் ஆசையோடு வருபவர்களுக்கு ஜன்னல் வேலை எதுவும் உதவாது. அவர்கள் பாதையை விட்டுத் தள்ளியே வீடு பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் “பழகிரும்” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; ஹாரனைக் கேட்டு இன்ன வண்டி போகிறது என்று தூக்கத்திலேயே தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களுக்குப் பழகியிருக்கிறது. விழித்தெழுவது நாளடைவில் குறைகிறது என்பதும், விழிக்காதபோதும் சத்தத்துக்கு இதயத்துடிப்பு உயர்வது அந்த அளவுக்கு மட்டுப்படுவதில்லை என்பதும் தூக்க ஆய்வுகளில் கண்டவை. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட பரிந்துரை, இரவு நேர ரயில் சத்தத்தின் சராசரி 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. கைக்குழந்தை, இதய நோயுள்ள பெரியவர், இரவில் அமெரிக்க அலுவலகத்தோடு பேசி வேலை செய்பவர் ஆகியோர் வீட்டில் இருந்தால், பழகிவிடும் என்ற சொல்லை நம்பிப் பணத்தைப் போட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்லுகிறேன்.

முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதே சரியான வழி. வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தை வைகாசிக் கடைசியில் தொடங்கினால், ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் தைப் பனியும் அதற்குள் வந்துவிடும். கைப்பேசியில் உள்ள டெசிபல் செயலி காட்டும் எண்ணைச் சரியான அளவென்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரே கைப்பேசியை வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். மனை வாங்கிக் கட்டுவதானால், ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வரும் கட்டடத்துக்கு ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள் என்பதால், கிரயம் பேசும் முன்பே சர்வேயரை அழைத்து, தண்டவாளத்திலிருந்து அளக்காமல் ரயில்வே எல்லைக் கல்லிலிருந்து அளந்துகொள்ள வேண்டும்.