மீட்டிங்குக்கு ஹால் பார்க்கப் போறீங்களா, முதல்ல தினசரி காலண்டரைப் பாருங்க

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி, டீலர் மீட்டுக்கு ஹால் முடிச்சுட்டேன்னு போட்டோ காட்டினான். சாண்ட்லியர், கார்ப்பெட் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. "இந்தப் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தியா?"ன்னு கேட்டேன், முழிச்சான். இதே முழி நானும் ஒரு காலத்துல முழிச்சேன், அதான் எழுதுறேன். ப்ரொஜெக்டர் ஓடுதா, ஏசி ஓடுதான்னு பார்க்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுவோம்.

மடக்குச் சுவரை நம்புறது

நிறைய பெரிய ஹோட்டல்கள்ல பேங்க்வெட் ஹால் ஒண்ணுதான் இருக்கும், நடுவுல மடக்குற தடுப்பை இழுத்து விட்டு ரெண்டு மூணா பிரிச்சுக் குடுப்பாங்க. போட்டோல அது சுவர் மாதிரியேதான் தெரியும்.

எனக்கு நடந்தது ஒரு ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை. மதுரை, கோவை, கொச்சின்னு எல்லா பிராஞ்ச் மேனேஜரும் வந்திருக்காங்க, அறுபது பேர். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சோம். ஒன்பதரைக்கு தடுப்புக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம். நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்குள்ள தட்டு மாத்தணும், அவங்க அவசரம் அவங்களுக்கு. இந்தப் பக்கம் எங்க சேல்ஸ் ஹெட் சிங்கப்பூரோட வீடியோ கால்ல நம்பர் சொல்லிட்டு இருக்கார், கரெக்டா அப்பதான் கெட்டிமேளம். தவில் அடிக்கிற அடியில மேஜைல இருந்த தண்ணி கிளாஸ் அதிருது, நான் என் கண்ணால பார்த்தேன். சரி முடிஞ்சுதுன்னு மூச்சு விட்டா, மூணு மணிக்கு சாயங்கால ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக்காரங்க வந்து "செக், செக், மைக் டெஸ்டிங்". மீட்டிங் பாதியில நின்னுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அத்தனை பேருக்கும் மறுபடி டிக்கெட் போட்டு, ரூம் போட்டு, ஆபீஸ்லயே உட்கார வெச்சு முடிச்சோம்.

கல்யாண வீட்டுக்காரங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அவங்களுக்கு நல்ல நாள் அது. கோபமெல்லாம் ஹோட்டல் ஆளுங்க மேலதான், பக்கத்துல மேளம் வருதுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல, கேட்டா "நீங்க கேட்கலையே சார்"னாங்க. இன்னிக்கு நினைச்சாலும் எரியுது. ஆனா அதுலதான் பாடமும் இருக்கு. நான் "ஹால் ஃப்ரீயா?"ன்னு மட்டும்தான் கேட்டேன், பக்கத்து ஹால்ல அன்னிக்கு யாருன்னு கேட்கவே இல்ல.

அதனால இப்ப நான் பண்றது இதுதான். தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி தினசரி காலண்டர்ல அன்னிக்கு முகூர்த்தமான்னு பார்ப்பேன். தை, பங்குனி, வைகாசி, ஆவணின்னா இன்னும் உஷார். ஆடியும் மார்கழியும் நமக்கு நல்ல மாசம், கல்யாணம் கிடையாது, ஹால் காலியா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். நேர்ல போனா சுவரைத் தட்டிப் பார்ப்பேன், கூட வந்தவரை அந்தப் பக்கம் நிக்க வெச்சு போன்ல சத்தமா பாட்டு போடச் சொல்வேன். தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுடுச்சுன்னா சத்தம் மேல வழியா ஏறி வந்துடும், எவ்ளோ தடிமனா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. மீட்டிங் நேரத்துல பக்கத்துல மேளமோ சவுண்ட் செக்கோ இருக்காதுன்னு மெயில்ல எழுதி வாங்கினதுக்கு அப்புறம்தான் அட்வான்ஸ்.

தம்பி அன்னிக்கு சாயங்காலமே திரும்பப் போய் தட்டிட்டு போன் பண்ணான், "அண்ணே, பலகைதாண்ணே". வேற ஹால் தேடிட்டு இருக்கோம்.

கிலோமீட்டர் கணக்கு

சென்னை ஓஎம்ஆர்ல, அதான் ஐடி கம்பெனிங்க இருக்குற பழைய மகாபலிபுரம் ரோட்ல, மெட்ரோ வேலை முடியுற வரைக்கும் மேப்ல காட்டுற தூரத்தை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. வெளியூர் ஆளுங்க நிறையன்னா ஓடுற மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ஹால் பாருங்க, சென்ட்ரல், எழும்பூர், ஏர்போர்ட் எங்க இறங்கினாலும் நேரா வந்துடுவாங்க. காலைல ஒன்பது மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னல்ல மாட்டினவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

"நூறு பேர் உட்காரலாம் சார்"

வெறும் நாற்காலி வரிசைக்கு நூறு. எழுத மேஜை போட்டா கிட்டத்தட்ட பாதிதான், யூ ஷேப்னா அதை விடக் கம்மி.

மழை

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பேஸ்மென்ட் பார்க்கிங்கை நம்பாதீங்க.

வெளி மாநில ஜிஎஸ்டி நம்பர்

ஹெட் ஆபீஸ் பெங்களூர்னு அந்த நம்பரைக் குடுத்து பில் வாங்கிடுறாங்க. ஹால் சென்னைல இருக்குறதால வரி இங்கத்த சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியாதான் (மத்திய அரசு பங்கு, தமிழ்நாட்டு பங்கு) விழும், கர்நாடக நம்பர்ல அதுக்கு கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய வரியில அதைக் கழிச்சுக்க முடியாது. வாடகைக்குப் போடுற 18 சதவீதம் அப்படியே கைக்காசு. கம்பெனிக்கு தமிழ்நாட்டு நம்பர் இருந்தா புக் பண்ணும்போதே அதைக் குடுத்துடுங்க, பில் போட்டதுக்கு அப்புறம் மாத்தச் சொல்லி அலையுறது பெரிய வேலை.