குறிப்பை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்: காலனிக் காலப் புகைப்படங்களைப் படிக்கும் முறை

சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் 1850-களிலிருந்து எடுக்கப்பட்ட ஏராளமான புகைப்படங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. குடும்பங்களின் பெட்டிகளிலும் பழைய ஆல்பங்களிலும் இன்னும் வெளிவராதவை இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் எவரும் முதலில் படிப்பது படத்தின் அடியில் உள்ள குறிப்பைத்தான். அந்தப் பழக்கத்தை விடுவதே முதல் வேலை. அக்குறிப்பு பெரும்பாலும் படம் எடுத்தவர் எழுதியதன்று. படத்தை விற்ற நிறுவனமோ, விலைக்கு வாங்கி ஆல்பத்தில் ஒட்டிய அதிகாரியோ, பல ஆண்டுகள் கழித்துப் பட்டியலிட்டவரோ எழுதியதாக இருக்கும். ஆகவே ஒரு துண்டுத் தாளால் குறிப்பை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தென்பட்டதை எழுதி முடித்த பிறகு குறிப்பைப் படித்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று சோதியுங்கள்.

அசல் பிரதி கையில் இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மெல்லிய தாள் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, லேசான பளபளப்போடு, வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகவும் நிழல்கள் செம்பழுப்பாகவும் மாறியிருந்து, லென்ஸ் வழியாகத் தாளின் நார்கள் தெரிந்தால், அது அநேகமாக முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாள். 1850-இல் அறிமுகமான அம்முறை ஏறத்தாழ அந்த நூற்றாண்டின் இறுதி வரை புழக்கத்தில் இருந்தது. நார்கள் தெரியாமல், இருண்ட ஓரங்களில் வெள்ளி மினுமினுப்பு ஏறியிருந்தால், பெரும்பாலும் 1880-களுக்குப் பிந்திய ஜெலட்டின் தாள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிட்ட நகல்.

கீழ் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். நெகட்டிவின் (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த மூலப் பதிவின்) மீது மையால் எழுதியது அச்சில் வெள்ளையாகவும், ஊசியால் கீறியது கறுப்பாகவும் விழும். எண்ணும் நிறுவனப் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சென்னையில் நிக்கோலஸ், வீலே அண்ட் கிளைன், உதகமண்டலத்தில் பென், கொழும்பில் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே ஆகிய பெயர்களை அடிக்கடி காணலாம். ஆனால் நெகட்டிவுகள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியதால், மூலையில் உள்ள பெயர் விற்றவரைக் காட்டுமே தவிர, எடுத்தவரைக் காட்டும் என்று உறுதி கூற முடியாது.

அடுத்து, அக்காலக் கேமராவால் எதைப் பதிய முடியவில்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட, கொலோடியன் என்ற பசைத் திரவத்தைக் கண்ணாடியில் பூசும் முறையில், கண்ணாடித் தட்டு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, அது உலர்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும்; இருட்டுக் கூடாரமும் இரசாயனப் புட்டிகளும் கூடவே சுமந்து செல்லப்பட்டன. தட்டு ஒளியை வாங்கப் பல வினாடிகள் பிடித்தன. அந்த நேரத்தில் நடந்து சென்ற மனிதர்கள் படத்தில் பெரும்பாலும் உருவமாக விழ மாட்டார்கள். ஆளரவமற்றுத் தோன்றும் கடைத்தெரு உண்மையில் கூட்டமாக இருந்திருக்கலாம். தரையை ஒட்டி மங்கலான கீற்றுகளும், உடல் தெளிவாக இருக்கத் தலை மட்டும் கலங்கிய மாடுகளும் அதற்குச் சாட்சி. ஸ்டூடியோப் படங்களில் நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பகுதி எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். தலை அசையாதிருக்கப் பின்னால் நிறுத்தப்பட்டது அது. முகத்தின் விறைப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால், அதை வைத்து அவருடைய குணத்தை முடிவு செய்வது நியாயமாகாது.

அந்தத் தட்டு நீல ஒளிக்கு மட்டுமே நன்கு வசப்பட்டது. சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறத்தாழ இருட்டு. எனவே குங்குமம் கறுப்புப் பொட்டாகவும், காவித் துணி கருமையாகவும், வெளிர்நீலச் சேலை வெள்ளையாகவும் பதிவாகும். மாநிறத் தோலும் இருந்ததைவிடக் கருமையாகத் தெரியும். சேலை வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு பெண்ணை விதவை என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். இன்று கணினியால் வண்ணமேற்றிப் பகிரப்படும் பழைய படங்களை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்: மூலப்படத்திலேயே பதிவாகாத நிறத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தர முடியாது. வானமும் அப்படித்தான், அது வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். 1856-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், தம்முடைய காகித நெகட்டிவுகளில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு இணைத்தவரும் அவரே. எழுத்துகளை அத்தனை கவனமாகப் பதிந்த அதே கைதான் இல்லாத மேகங்களையும் சேர்த்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 1850-களின் படத்தில் அழகான மேகத்தைக் கண்டதும் ஐயம் எழும்.

காலத்தைக் கணிக்கக் கட்டடங்களே சிறந்த துணை. சென்னையில் சென்ட்ரல் நிலையம் 1873, உயர் நீதிமன்றக் கட்டடம் 1892, டிராம் 1895, எழும்பூர் நிலையம் 1908, ரிப்பன் கட்டடம் 1913 என்று ஒரு வரிசையை எழுதி வைத்துக்கொண்டால், படத்தில் இருப்பதையும் இல்லாததையும் கொண்டு ஒரு கால எல்லை வகுக்கலாம். உயர் நீதிமன்றத்தின் முன் சாலையில் டிராம் தண்டவாளம் தெரிந்தால், படம் அநேகமாக 1895-க்கு முந்தியதாக இருக்காது. ஆனால் ஒன்று இல்லாததைச் சான்றாகக் கொள்ள வேண்டுமானால், அது இருந்திருக்க வேண்டிய இடம் படச்சட்டத்துக்குள் தெளிவாகத் தெரிய வேண்டும். மேலும், எடுத்த காலமும் அச்சிட்ட காலமும் ஒன்றல்ல. விற்பனையான நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் பிரதி எடுத்தார்கள், பழைய படங்களைப் பின்னாளில் அஞ்சலட்டையாகவும் வெளியிட்டார்கள். இரண்டு காலங்களையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

நிலக்காட்சிகளில் மரஞ்செடிகளே சான்று. நீலகிரியின் பழைய படங்களில் மொட்டையாகத் தெரியும் சரிவுகளைக் காடழிப்பு என்று கொள்ளக் கூடாது. அவற்றில் பல இயற்கையான புல்வெளிகள், மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு ஒதுங்கியிருக்கும். நெட்டையான தைல மரங்கள் நிற்கும் படமே பின்னாளையது. இலங்கை மலையகத்தில் இது இன்னும் தெளிவு: காப்பி இலைத்துரு நோய் 1869-இல் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே சரிவில் உள்ள செடி எதுவென்று அடையாளம் கண்டால் காலமும் ஓரளவு பிடிபடும். அந்தச் சரிவுகளைத் திருத்திய தமிழ்த் தொழிலாளர்கள் இப்படங்களின் ஓரத்தில் சிறு புள்ளிகளாகத்தான் நிற்பார்கள். நடுவில் இருப்பது பங்களாவாக இருக்கும். லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள்) தெரிந்தால் அவற்றைக் குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதற்காகவே பலர் அதன் அடியில் நிறுத்தப்பட்டார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற புகைப்பட நூல், மனிதர்களைச் சாதி, இன மாதிரிகளாக வகைப்படுத்தியது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களில், எலும்பும் தோலுமானவர்கள் கேமராவுக்காக வரிசையாக அமர்த்தப்பட்டிருப்பது பார்த்தவுடனே தெரிகிறது. அவை 1943 வங்கப் பஞ்சத்தின் படங்களாகவும் தவறாகப் பகிரப்படுகின்றன. இத்தகைய படத்தைப் பகிர வேண்டியிருந்தால் ஆண்டையும் இடத்தையும் சேர்த்துப் பகிருங்கள். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து அதிர்ச்சிக்காகப் போடாதீர்கள். பழைய குறிப்பில் இழிசொல் இருந்தால் அதை அழிக்காமல் மேற்கோள் குறிக்குள் வைத்து, அதன் கீழே உங்கள் விவரிப்பை எழுதுங்கள்: என்ன வேலை, கையில் என்ன கருவி, எப்படிப்பட்ட உடை, அருகில் யார் என்று. பெயர் தெரியாதவரைச் சாதிப் பெயரால் ஊகித்து எழுத வேண்டாம்.

வீட்டில் இருக்கும் அசல்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், பக்கத்தோடு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், டிஃப் (TIFF) கோப்பாக, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோப் பெயரும் உறவினர் எழுதிய வரியும் பின்புறத்தில்தான் இருக்கும். செலோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது. எழுத வேண்டியிருந்தால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். இறுதிக் குறிப்பில், பழைய குறிப்பு, நீங்கள் கண்டது, நீங்கள் கணித்த கால எல்லை, அதற்கான காரணம் ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். 'உயர் நீதிமன்றம் தெரிகிறது, ஆகவே 1892-க்குப் பின்' என்று காரணத்தோடு எழுதினால், உங்கள் கணிப்பு பிழையாக இருந்தாலும் அடுத்து வருபவர் அதைச் சரிபார்த்துத் திருத்த முடியும்.