பேஜ்மேக்கரில் மாட்டிக்கொண்ட சங்க மலர்களை மீட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் எந்தத் தமிழ்ச் சங்கத்தின் அலமாரியைத் திறந்தாலும் பழைய ஆண்டு மலர்கள் இருக்கும். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்களின் கதை, ஆயாமார் பாடிய கும்மி, காவடி நிகழ்ச்சி நிரல், நடுநடுவே கடை விளம்பரங்கள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்க மலரை வடிவமைக்கும் வேலை என்னுடையது. நான் பார்த்த பழைய கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. இன்றைய கணினியில் இரட்டைக் கிளிக் செய்தால் திறக்காது. எழுதியவர்களில் பலர் இப்போது இல்லை. அதனால்தான் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி இந்த நிலை வந்தது? பேஜ்மேக்கரை 1985இல் வெளியிட்டது ஆல்டஸ் நிறுவனம். அதற்குப் போட்டி குவார்க் என்ற மென்பொருள். 1994இல் ஆல்டஸையே அடோபி நிறுவனம் வாங்கிக்கொண்டது. குவார்க்கை முந்த 1999இல் இன்டிசைன் என்ற புதிய வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுபோனது. பிறகு மென்பொருளை நிறுவியதும் நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அடோபியின் சிஎஸ்2 மென்பொருள் தொகுப்புக்கான சர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அனுமதி கேட்காத வேறொரு பதிப்பை அந்த நிறுவனமே தரவேண்டியிருந்தது. 2013 முதல் புதிய பதிப்புகளுக்குச் சந்தாதான். கட்டுரை நம்முடையது, அதைத் திறக்கும் உரிமை மட்டும் இன்னொருவர் கையில். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் மலர்க் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை முழுதாக ஒரு வெளி டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இனி எல்லாமே இன்னொரு நகலில்தான். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாமல் பின்னால் திண்டாடவேண்டாம்.

யார் வீட்டிலாவது பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி இருந்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு கட்டுரையிலும் கர்சரை வைத்து, எக்ஸ்போர்ட் வழியாக வெறும் உரையாக வெளியே எடுங்கள். பக்கத்தின் தோற்றத்துக்காக ஒரு பிடிஎஃப்பும் எடுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது: பார்க்கத் தமிழாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருப்பது பாமினி வேடம் போட்ட ஆங்கில எழுத்துகள்.

அப்படிக் கணினி இல்லையென்றால் லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள். இலவசம், திறந்த மூலம். அதில் டிரா என்ற வரைபடப் பகுதியில் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகள் திறக்கும். சந்தைக்கு வேண்டாமென்று உரிமையாளரே கைவிட்ட கோப்பு வகையைத் திறக்கும் வழியைத் தன்னார்வ நிரலாளர்கள் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தப் பூட்டையும் உடைக்காமல், உங்கள் சொந்தக் கோப்பைத்தான் படிக்கிறீர்கள். பக்க அமைப்பு கலைந்து வரலாம். அதைச் சரிசெய்ய உட்காராதீர்கள். உரைதான் நமக்கு வேண்டும். அதை லிப்ரெஆபிஸிலேயே இருக்கும் ரைட்டர் என்ற எழுதும் பகுதிக்கு நகலெடுங்கள்.

அப்புறம் யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக, மாற்றவேண்டும். விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றி இணையம் இல்லாமலே வேலை செய்யும். பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் பாமினி மாற்றி இருக்கிறது. நூறு கோப்பானாலும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவார்கள். நம் மலர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பாதி ஆங்கிலம். மொத்தமாக மாற்றியில் போட்டால் ஆங்கிலக் கட்டுரையும் கடைப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் பிரித்துப் போடுங்கள்.

மாற்றிய பிறகுதான் உண்மையான உழைப்பு. பழைய தட்டச்சில் ‘ர்’ எழுதத் துணைக்கால்மேல் புள்ளி வைப்பது வழக்கம். அதனால் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆக வரும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு. ரைட்டரில் கண்ட்ரோல்-எச் அழுத்தி ‘ா்’ இருக்குமிடமெல்லாம் ‘ர்’ என்றும், ‘ாி’ இருக்குமிடமெல்லாம் ‘ரி’ என்றும் ஒரேயடியாக மாற்றலாம். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ வராது. ஆனால் ‘கெளரவம்’ போன்றவற்றில் அவசரப்படவேண்டாம். அங்கே ‘ள’ தனி எழுத்தாக நிற்கிறது, ‘கௌரவம்’ ஆக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றினால் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். வரி முடிவில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் பிரிந்து கிடக்கும் இடங்களையும் தேடுங்கள்.

சேமிக்கும்போது ஓடிடி (.odt) வடிவம். அது ஓடிஎஃப் என்ற திறந்த கோப்பு வடிவத்தைச் சேர்ந்தது; ஓடிஎஃப் 2006இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமானது. மைக்ரோசாஃப்டின் போட்டி வடிவம் ஐஎஸ்ஓவுக்கு வந்தபோது தென்னாப்பிரிக்கா எதிர்த்து வாக்களித்தது. 2008இல் ஐஎஸ்ஓ அதை ஏற்றுக்கொண்ட பிறகும், இந்தியா, பிரேசில், வெனிசுவேலாவைப் போலவே தென்னாப்பிரிக்காவும் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீடு தோற்றது. ஆனாலும் நம் நாடு அன்று எடுத்த நிலை சரியென்றே நினைக்கிறேன். படிக்க மட்டும் விரும்புவோருக்குப் பிடிஎஃப். ஏற்றுமதி செய்யும்போது ஹைப்ரிட் பிடிஎஃப் என்ற பெட்டியில் டிக் போட்டால் ஓடிஎஃப் கோப்பும் அதற்குள்ளேயே போய்விடும்; லிப்ரெஆபிஸில் திறந்து பின்னால் திருத்தலாம்.

    

அடுத்த மலருக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும்; பழைய 1.4இல் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது. இன்டிசைனில் இருக்கும் வசதி முழுவதும் இதில் இல்லைதான். ஒரு சங்க மலருக்கு இது தாராளம். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்: உரிமம் திறந்தது, அச்சகத்துக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

கடைசியாக, மீட்ட கட்டுரைகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, தமிழ் நன்றாகப் படிக்கும் பெரியவர் ஒருவரிடம் பழைய மலரோடு சேர்த்துக் கொடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர்ப் பிழைகளை அவர்தான் பிடிப்பார். திருத்தம் முடிந்ததும் ஒரு பிரதியைச் சங்கத்திலும், இன்னொன்றை வேறு பேட்டையில் இருக்கும் உறுப்பினர் வீட்டிலும் வையுங்கள்.