நாய்ப் பயிற்சியையே உடற்பயிற்சியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயை நெடுந்தூரம் நடக்கக் கூட்டிப்போக முடியாத நாள் எல்லாருக்கும் வரும். அந்த நாளில் 'சிட்', 'டவுன்', 'ஸ்டே', 'கம்' என்று ஏற்கெனவே தெரிந்த கட்டளைகளைக் கோத்து, ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று நான்கு தடவை வேலை வாங்கினால் நாய் நிம்மதியாகப் படுத்துவிடும். ஓடிக் களைப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. நம் வாயைக் கவனிப்பது, ஓடத் துடிக்கும் உடம்பை நிறுத்தி வைப்பது, எதைச் செய்தால் பரிசு என்று யோசிப்பது எல்லாமே நாய்க்கு உழைப்புதான்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாம் நானும் ஆரம்பத்தில் செய்தவை என்பதால் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு 'சிட்'

கையில் ட்ரீட்டை (பரிசாகக் கொடுக்கும் தீனி) வைத்துக்கொண்டு நாம் அசையாமல் நிற்க, நாய் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதற்கும் சலிப்பு, நமக்கும் சலிப்பு. இதில் உடம்பும் அசையவில்லை, மூளையும் அசையவில்லை.

நாய் உட்கார்ந்ததும் ட்ரீட்டை வாயில் கொடுக்காமல் அதன் பின்பக்கம் நாலடி தள்ளிப் போடுங்கள். எழுந்து போய்த் தின்றுவிட்டு உங்களிடம் திரும்பி ஓடி வரும். இப்போது 'டவுன்'. அடுத்த ட்ரீட் வேறு பக்கம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சின்ன ஓட்டம் தானாகச் சேர்ந்துவிடும். 'ஹீல்' (நம் காலை ஒட்டியே நடந்து வருவது) பழகியிருந்தால் அதுதான் இன்னும் நல்ல வேலை: மெதுவாக நாலு அடி, சட்டென்று வேகம், வலப்பக்கத் திருப்பம், நின்றால் உட்கார வேண்டும், மறுபடி வேகம். நாய் உங்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

'கம்' சொல்லி லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) மாட்டுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இது. மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடியது. இது நாயின் உயிரோடு விளையாடுவது.

தூரத்தில் விட்டுக் கூப்பிடுவதும், ஓடி வந்ததும் ட்ரீட் கொடுப்பதும் பயிற்சியும் ஓட்டமும் ஒன்றாகச் சேர்ந்த அருமையான விளையாட்டு. ஆகவே எல்லாரும் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொண்டு எப்படிக் கெடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். ஒரு வயது லேப்ரடார் ஒன்று, அதன் சொந்தக்காரர். வேலியடித்த மைதானம். முதல் 'கம்'முக்குக் காது பின்னால் பறக்க ஓடி வந்தது. இரண்டாவதுக்கும் அப்படியே. பிறகு வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தது. அதே 'கம்', அதே குரல். நாய் வந்தது, ஆனால் இரண்டு கை தூரத்தில் நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லை முகர்ந்தது. கண்ணின் ஓரம் மட்டும் அவருடைய வலது கையிலேயே இருந்தது. அந்தக் கையில்தான் லீஷின் கொக்கி. அவர் ஓரடி முன்னால் வைத்தார், நாய் ஓரடி பின்னால் போனது. "சார், இது வேணும்னே பண்ணுது. திமிர்" என்றார் என்னிடம்.

திமிர் இல்லை. தினமும் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அது ஒழுங்காகப் படித்திருக்கிறது. கடைசி 'கம்' என்றால் கொக்கி மாட்டும், விளையாட்டு முடியும், மைதானம் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துச் செய்த சோதனைகளிலேயே தெரிந்த விஷயம்தான்: ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது நடந்தால் அந்தச் செயல் வலுக்கும், நடக்காவிட்டால் தேயும். பத்து தடவை ட்ரீட் கொடுத்திருக்கிறோமே என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். நாயோ கொக்கி எப்போது வரும் என்று பார்க்கிறது.

இதற்கு மேல் ஒன்று நடக்கும்போதுதான் எனக்குப் பொறுக்காது. பத்து நிமிடம் ஆட்டம் காட்டிவிட்டு நாய் கடைசியில் வந்து சேர்கிறது. வந்ததும் நல்ல திட்டு, காலரைப் பிடித்து ஒரு உலுக்கு. நாய்க்குப் புரிவது என்ன? 'ஓடிப்போனதற்காகத் திட்டுகிறார்' என்று அது புரிந்துகொள்ளாது. அது கடைசியாகச் செய்த காரியம் பக்கத்தில் வந்தது. அதற்குத்தான் திட்டு கிடைத்தது. அடுத்த முறை இன்னும் தள்ளி நிற்கும். ஒரு நாள் கதவு திறந்திருக்கும், வெளியே வண்டிகள் ஓடும் சாலை இருக்கும். அன்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அந்தச் சொல்லில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஐந்து நிமிட அவசரத்துக்காக அந்தச் சொல்லை வீணாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கூப்பிட்டு வந்த நாயைப் பெரும்பாலான தடவை மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். வந்தது, காலரைத் தொட்டீர்கள், ட்ரீட் கொடுத்தீர்கள், 'போ' என்றீர்கள். காலரைத் தொடுவதை விடாதீர்கள். கை கழுத்துக்கு வந்தால் ட்ரீட் என்று அது பழக வேண்டும். இடையிடையே லீஷை மாட்டி, நாலு அடி நடந்து, ட்ரீட் கொடுத்து, கழற்றி விடுங்கள். கொக்கிச் சத்தத்துக்கும் 'முடிந்தது' என்பதற்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் அறுபடும். வீட்டுக்குக் கிளம்பும்போது கூப்பிட வேண்டாம், நீங்களே நடந்து போய் மாட்டுங்கள். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, நகம் வெட்ட ஒருபோதும் 'கம்' சொல்லாதீர்கள்.

கண்டிப்பாக வராது என்று தெரியும் நேரத்தில் கூப்பிடவே கூடாது. பக்கத்தில் இன்னொரு நாய் நிற்கிறது, உங்கள் நாய் வாலை உயர்த்தி விறைத்துப் பார்க்கிறது என்றால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போங்கள். திறந்த வெளியில் பழக்கும்போது பத்து மீட்டர் நீளக் கயிறு இருக்கட்டும். அதைக் கழுத்துக் காலரில் கட்டாமல் ஹார்னெஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) கட்டுங்கள். காலரில் கட்டினால், ஓடுகிற நாய் கயிற்றின் முனைக்கு வந்து சுண்டி நிற்கும்போது அந்த அடி முழுவதும் கழுத்தில் விழும்.

சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் அதைச் செப்பனிட உட்காராதீர்கள். புதிதாக ஒரு சொல் அல்லது விசில். முதலில் வீட்டுக்குள், ஒரே அறையில், இரண்டடி தூரத்தில். அப்புறம் அறைக்கு அறை. அப்புறம் வாசல். இரண்டு பேர் இருந்தால் பதினைந்து மீட்டர் இடைவெளியில் நின்று மாறி மாறிக் கூப்பிடுங்கள். நாய்க்கு இதைவிட நல்ல ஓட்டம் கிடையாது. ஆனால் அது பாய்ச்சலாக வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நடந்து வர ஆரம்பித்துவிட்டால் நீங்கள் தாமதம்.

'சிட் சிட் சிட் சிட்'

ஒரு தடவை சொல்லுங்கள், அப்புறம் வாயைத் திறக்காதீர்கள்.

களைக்கும் வரை விடாமல் வேலை வாங்குவது

'இன்னும் துள்ளுகிறதே' என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. கொட்டாவி, உதட்டை நக்குவது, தரையை முகர்வது, மெதுவாக, கோணலாக உட்காருவது, ட்ரீட்டைக் கையோடு சேர்த்துக் கடிப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் சுலபமான ஒன்றைக் கேட்டு, பரிசு கொடுத்து முடித்துவிடுங்கள். சலிப்போடு செய்யும் கட்டளை சலிப்போடுதான் பதியும்.

இன்னொன்று: உடற்பயிற்சி நேரத்தில் புதிய பாடம் எடுக்காதீர்கள். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் பழகிய நாய்கள் தினமும் பழகியவற்றைவிடக் குறைந்த வகுப்புகளில் கற்றுக்கொண்டன. புதியதற்கு இடைவெளி வேண்டும். தினமும் வேலை வாங்குவதற்கு, நன்றாகத் தெரிந்த கட்டளைகளே போதும். முடிந்ததும் தூங்க விடுங்கள். கற்றது பதிவதற்குத் தூக்கம் உதவுகிறது என்று ஹங்கேரியில் நடந்த ஆய்வு ஒன்றும் சொல்கிறது.

ட்ரீட் கணக்கு

நாளின் மொத்த கலோரியில் ட்ரீட் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. துண்டு பட்டாணி அளவு போதும். அதுவும் நிறைய ஆகிறதென்றால் வேளைச் சாப்பாட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்து அதையே பரிசாகக் கொடுங்கள்.

வழுக்கும் தரை

பாய் விரியுங்கள். குட்டியை அதன் எலும்பு முழுதாக வளர்ந்து முடியும்வரை திரும்பத் திரும்பக் குதிக்க வைக்காதீர்கள். சின்ன இனங்களுக்கு ஏறக்குறைய ஒரு வயது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதும் அதற்கு மேலும் ஆகும்.

வெயில்

மூச்சிரைத்துத்தான் நாய் உடம்பைக் குளிர வைக்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களால் அதுவும் சரியாக முடியாது. அவற்றுக்கு வெயிலில் 'கம்' ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

நடையை நிறுத்திவிடுவது

பயிற்சி நன்றாகப் போகிறது, இனி நடை எதற்கு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். பயிற்சியில் நாய் முழு நேரமும் உங்களையே பார்க்கிறது. மூக்கு இழுத்த பக்கம் தன் இஷ்டத்துக்கு முகர்ந்து திரிவதற்கு அதில் இடமில்லை. லீஷ் தளர்ந்து, நாய் போகும் பக்கம் நீங்கள் போகும் நடை தினமும் வேண்டும்.

'சிட்' செய்ய மறுக்கும் நாயோடு மல்லுக்கு நிற்பது

நேற்றுவரை படக்கென்று உட்கார்ந்த நாய் இன்று தயங்குகிறது, பின்பக்கத்தைப் பாதி இறக்கி நிறுத்துகிறது, இல்லாவிட்டால் ஒரு காலை வெளியே நீட்டி உட்காருகிறது. வயதான நாயிலும் பெரிய இன நாயிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். பின்பக்கத்தைக் கையால் அழுத்தி உட்கார வைக்காதீர்கள். இடுப்பிலோ முட்டியிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை 'சிட்' வேண்டாம். உங்கள் உள்ளங்கையை மூக்கால் தொடுவது, நின்றபடியே 'ஸ்டே', மெதுவான 'ஹீல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். வேலையும் நடக்கும், வலியும் அதிகமாகாது.