மறுசெயலாக்க ஆலையைக் கலைக்கும் முறை: யூரோகெமிக் தரும் பாடம்

எரிந்த அணு எரிபொருளை மறுசெயலாக்கம் செய்த, அதாவது அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த ஆலையை, அணு உலையைப் போலவே கலைத்துவிடலாம் என்று எண்ணித் திட்டமிடுவதுதான் முதல் தவறு. உலையில் நியூட்ரான்கள் பாய்ந்து எஃகே கதிரியக்கம் பெறுவதால், அந்த எஃகில் உருவாகும் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் தணியும்வரை பூட்டிவைப்பதில் பயன் உண்டு. இங்கோ எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த கரைசல்களின் மிச்சம் குழாய்களிலும் தொட்டிகளிலும் படிந்து கிடக்கிறது. அதிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். காத்திருந்தால், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அறிந்த பழைய ஊழியர்கள் ஓய்வுபெற்றுவிடுவார்கள்.

பெல்ஜியத்தின் டெசெல் ஊரில் 1966 முதல் 1974 வரை இயங்கிய யூரோகெமிக் ஆலையை இதற்கு மாதிரியாகக் கொள்ளலாம். 80 மீட்டர் நீளமும் 106 தனி அறைகளும் கொண்ட அதன் முதன்மைக் கட்டடத்தைக் கலைத்து, 2014இல் இடித்து முடிக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

முதலில் திரவக் கழிவை வெளியேற்றுங்கள். யூரோகெமிக்கின் உயர்நிலைக் கழிவு, அதாவது மிகக் கடுமையான கதிரியக்கம் உள்ள திரவம், 1985 முதல் 1991 வரை பமேலா என்னும் நிலையத்தில் கண்ணாடியாக உறையவைக்கப்பட்டது. அமெரிக்காவின் வெஸ்ட் வேலி மறுசெயலாக்க ஆலையிலும் கழிவை 275 கலன்களில் கண்ணாடியாக்கும் பணி 2002இல் முடிந்த பிறகே, வெகுகாலம் கழித்து 2022இல், முதன்மைக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து, குழாய்களையும் தொட்டிகளையும் அமிலத்தால் மாறிமாறிக் கழுவி, வெளிவரும் நீரை ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். அளவு குறைவது நின்றதும் கழுவுவதையும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் கழுவினால் கழிவுநீர்தான் பெருகும்.

அறைக்குள் இறங்கும் ஊழியர்கள் வெளியிலிருந்து காற்றூட்டப்படும் முழு உடையை அணிய வேண்டும். அறையின் காற்றழுத்தம் எப்போதும் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். புளூட்டோனியம் வெளியிடும் ஆல்பாக் கதிர் தோலைத் துளைக்காது என்றாலும், புளூட்டோனியத் தூசி மூச்சுடன் உள்ளே போனால் நுரையீரலில் நெடுங்காலம் தங்கிவிடக்கூடும். குழாயை அறுக்குமுன் அதன் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டு, தேங்கிய நீரை அகலமான, ஆழமற்ற தட்டில் பிடியுங்கள். வாளி வேண்டாம், புளூட்டோனியம் கலந்த கரைசல் ஆழமாகத் திரண்டால் அணுப்பிளவுத் தொடர்வினை மூளும் அபாயம் உண்டு. அறுப்பதற்கு ரம்பமும் இயந்திரக் கத்தரியுமே என் முதல் தேர்வு. பிளாஸ்மாச் சுடர் வேகமானதுதான், ஆனால் அதன் புகை வடிகட்டிகளை அடைத்துவிடும். புளூட்டோனியத்தைப் பிரிக்கப் பயன்படுத்தி எஞ்சிய கரிமக் கரைப்பான் தீப்பற்றவும் கூடும்.

பொறுமையைச் சோதிப்பது காங்கிரீட்தான். யூரோகெமிக்கில் மாசு நீக்க வேண்டிய பரப்பு சுமார் 55,000 சதுர மீட்டர். வைரப் பற்கள் பதித்த உருளையால், தூசியை உறிஞ்சியபடியே, சுவரைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவுங்கள். கொத்தினால் சுவர் மேடுபள்ளமாகி, ஆல்பா அளவீடு நம்பத்தக்கதாக இராது; சீவினால் வழவழப்பாகி, அளவீடு எளிதாகும். குழாய்கள் சுவரைத் துளைத்துச் சென்ற இடங்களில் மாசு உள்ளே ஊறியிருக்கும் என்பதால், அங்கே சுவரையே குடைந்தெடுக்க நேரிடும்.

சீவிய பரப்பு முழுவதையும் இரண்டு முறை அளந்து, காங்கிரீட் மாதிரிகளையும் சோதித்து, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் பெற்ற பிறகே சாதாரண இடிப்பு இயந்திரங்களை வரவழையுங்கள். காற்றோட்டக் குழாய்களை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். அவற்றைக் கழற்றும்போதும் தற்காலிக விசிறியும் வடிகட்டியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.