ஒசாகாவில் இரண்டு நாள், சாப்பாட்டுக்காக மட்டும்

தங்கும் அறையை நம்பா ஸ்டேஷன் பக்கத்தில் பிடியுங்கள். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம், அப்புறம் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தோதொம்போரி, குரோமோன் சந்தை இரண்டுக்கும் நடந்தே போகலாம்.

குரோமோனுக்குக் காலையில் போங்கள், சாயங்காலம் பல கடைகள் மூடிவிடும். அங்கே விலை அதிகம், அதனால் ஒரு சிப்பி, ஒரு துண்டு மீன் என்று ருசி பார்த்துவிட்டு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். தோதொம்போரியில் தாகோயாகி: நம் பணியாரக்கல் மாதிரி குழித்தட்டில், மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடுவார்கள். உள்ளே கொதிக்கும், முழுசாக வாயில் போடாதீர்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்தால் அடுத்த கடைக்கும் பசி இருக்கும்.

ஓர் இரவை ஷின்செகாய் என்ற பகுதிக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். குஷிகாட்சு, அதாவது குச்சியில் குத்தி ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, வெங்காயம், தாமரைக்கிழங்கு, எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது இதுதான். பொதுச் சாஸ் பாத்திரம் வைத்திருந்தால் ஒரே தடவைதான் முக்க வேண்டும், கடித்ததைத் திரும்ப முக்கக் கூடாது. போதவில்லை என்றால் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே கடை தேடி வையுங்கள், ஏனென்றால் உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பிலும், பல இடங்களில் ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மாவிலும்கூட மீன் சாறு இருக்கும்.

சின்னக் கடைகளுக்குக் கையில் யென் ரொக்கம் வேண்டும். உமேடா பக்கம் போனால் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள், மூடும் நேரம் நெருங்கும்போது பெட்டிச் சாப்பாட்டில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.